தரைக்குள் நிற்கும் தண்ணீர்: வினைல், மரத்தரை போடுமுன் ஈரம் அளக்கும் முறை

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்பது நம் பெரியவர்கள் வாக்கு. வீடு கட்டுவோர் அஸ்திவாரம், சுவர், கூரை என ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள். கடைசியில் வரும் தரை வேலையில் மட்டும் அவசரம் புகுந்துவிடுகிறது. கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாயிற்று, பத்திரிகையும் அச்சாகிவிட்டது, தரை எப்படியாவது முடிந்தால் போதும் என்ற நிலைக்கு வந்துவிடுகிறோம். அந்த அவசரத்தில் உள்ளே ஈரம் காயாத கான்கிரீட்டின் மேல் வினைல் விரிப்பையோ, லேமினேட் பலகையையோ, அசல் மரத்தையோ பதித்துவிடுகிறோம். சில மாதங்களில் ஓரம் தூக்குகிறது. பலகை நடுவில் குழிந்து ஓரங்களில் நிமிர்கிறது. ஒட்டிய பசை குழகுழவென்று இளகுகிறது. அடியிலிருந்து பூஞ்சை வாடை வருகிறது.

அப்போது கடைக்காரர் மேஸ்திரியைச் சொல்வார், மேஸ்திரி கடைக்காரரைச் சொல்வார். பணம் போனது வீட்டுக்காரருக்கு. பூஞ்சை வாடையால் மூச்சிரைப்பு உள்ளவர்கள் படும் பாடும், தூக்கிய ஓரத்தில் கால் தடுக்கி வயதானவர்கள் விழும் ஆபத்தும் இதற்கு மேல்.

தரை போடுமுன் கான்கிரீட்டின் ஈரத்தை அளந்து பார்த்தால் இதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். அதற்கான டிஜிட்டல் கருவிகள் இன்று நம் ஊர்களுக்கும் வந்துவிட்டன. ஆனால் கருவி காட்டும் எண்ணுக்கு என்ன பொருள் என்று தெரியாமல் வாங்கினால், அந்த எண்ணே நம்மைத் தவறான வழியில் கொண்டுபோய்விடும். பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழக எல்லையை ஒட்டி வாழும் நம் குடும்பங்கள் வீடு கட்டும்போதும் புதுப்பிக்கும்போதும் பயன்படும்படி, இக்கட்டுரையில் அதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

பழைய தரைக்கு இல்லாத தொல்லை

நம் பாட்டன் வீட்டுத் தரைகளை நினைத்துப் பாருங்கள். கல்பாத்தி அக்ரகாரத்து வீடானாலும் சித்தூர்ப் பக்கத்து ஓட்டு வீடானாலும் சிவப்புக் காவித் தரையோ சிமெண்ட் தரையோதான் இருக்கும். செட்டிநாட்டு வீடுகளில் ஆத்தங்குடி ஓடு. இவையெல்லாம் சுண்ணாம்பும் சிமெண்டும் கலந்த பொருள்கள். இவற்றில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. அடியிலிருந்து வரும் ஈரம் அந்தத் துளைகள் வழியாக ஆவியாகி வெளியேறிவிடும். தரை ஈரமாகவே இருந்தாலும் கெட்டுப்போகும் பொருள் அதில் எதுவும் இல்லை. மழைக்காலத்தில் கொஞ்சம் சில்லென்று இருக்கும், அவ்வளவுதான்.

இன்று நாம் போடும் வினைல் விரிப்பும் எப்பாக்சிப் பூச்சும் அப்படியல்ல. அவை ஈரத்தை வெளியே விடாமல் மூடிவிடுகின்றன. மூடி வைத்த பாத்திரத்தில் சூடான சோறு வியர்ப்பதுபோல் அடியில் ஈரம் சேர்கிறது. மரமும் லேமினேட்டும் அந்த ஈரத்தைக் குடித்து உப்புகின்றன. கான்கிரீட் காரத்தன்மை மிக்கது. புதிய கான்கிரீட்டின் நுண்துளை நீரின் பி.ஹெச். அளவு 12-க்கும் மேல் இருக்கும். அந்தக் கார நீர் மேலே வந்து, ஒட்டும் பசையைச் சிதைக்கிறது.

ஆகவே நீங்கள் காவித் தரையோ, சிமெண்ட் கலவையில் பதிக்கும் டைல்ஸோ போடுவதானால் இக்கட்டுரையில் உள்ள சோதனை பெரும்பாலும் தேவைப்படாது. வினைல், லேமினேட், மரம், எப்பாக்சி ஆகிய நான்கில் ஒன்றைப் போடுவதானால் கட்டாயம் தேவை.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

மூன்று வழிகளில் வருகிறது.

முதலாவது, நாமே ஊற்றிய தண்ணீர். ஒரு மூட்டை சிமெண்ட் 50 கிலோ. நீர்-சிமெண்ட் விகிதம் 0.6 என்று வைத்துக்கொண்டால் மூட்டைக்கு 30 லிட்டர் தண்ணீர் சேர்கிறது. சிமெண்டுடன் வேதிவினை புரிந்து நிலையாகக் கட்டுண்டு போகும் நீர், சிமெண்ட் எடையில் ஏறத்தாழக் கால் பங்குதான். அதாவது 12 முதல் 13 லிட்டர். மீதி சுமார் 17 லிட்டர் கான்கிரீட்டின் நுண்துளைகளில் தங்கி நிற்கிறது. இருபது மூட்டை போட்ட தரையில் இது 340 லிட்டர், அதாவது இருபத்தைந்து குடத்துக்குக் குறையாத தண்ணீர். கலவை இழுக்க வரவில்லை என்று சித்தாள் இன்னொரு வாளி ஊற்றினால் அதுவும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தும் க்யூரிங் வேலையைக் குறைத்துவிடலாமா என்றால், கூடாது. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456, 2000-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாளும், சாம்பல் முதலியவை கலந்த சிமெண்டுக்கும் வெப்பமான வறண்ட சூழலிலும் குறைந்தது 10 நாளும் ஈரம் காக்க வேண்டும். அது கான்கிரீட்டின் வலுவுக்காக. உலர்வதற்கான நாள் கணக்கு அது முடிந்த பிறகே தொடங்குகிறது.

இரண்டாவது, நிலத்திலிருந்து ஏறும் ஈரம். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் மண்ணின் ஈரம் கான்கிரீட்டுக்குள் ஏறுகிறது. பாலக்காட்டுச் சமவெளியில் வயலை நிரப்பிய மனைகளில் நிலத்தடி நீர் மேலாகவே நிற்கும். இடுக்கியில் மலைச்சரிவை வெட்டி வீடு கட்டும்போது, மேட்டுப் பக்கத்து ஊற்று நீர் பின்சுவரை ஒட்டித் தரைக்கடியில் வரும். அதனால்தான் மலைவீடுகளில் முன்னறை உலர்ந்திருக்க, மேட்டை ஒட்டிய பின்னறை மட்டும் எப்போதும் ஈரம் கசிகிறது. முதல் வகைத் தண்ணீர் காலப்போக்கில் தீர்ந்துவிடும். இந்த இரண்டாம் வகைக்கு முடிவே இல்லை.

மூன்றாவது, காற்றிலிருந்தும் குழாய்க் கசிவிலிருந்தும் வருவது. குளியலறைச் சுவரை ஒட்டிய இடங்களில் இதைக் கவனிக்க வேண்டும். காற்றின் ஈரம் குளிர்ந்த தரையில் பனித்துளியாகப் படிவதும் இதில் சேரும்.

நம் இரு மாவட்டங்களின் தட்பவெப்பம்

மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்தில் பாலக்காட்டுக் கணவாய் திறந்திருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் கிழக்கேயிருந்து அதன் வழியாக வறண்ட காற்று வேகமாக வீசும். வாளையார், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அந்தக் காற்றில் கான்கிரீட்டின் மேற்பரப்பு சில நாளிலேயே வெளுத்துக் காய்ந்துவிடும். ஆனால் உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். மேலே வினைல் ஒட்டியதும் ஆவியாகும் வழி அடைபடுகிறது. உள்ளே நின்ற ஈரம் மெல்ல மேலேறித் தரை முழுதும் பரவிச் சமமாகிறது. காய்ந்த தரையில்தானே ஒட்டினோம் என்று நாம் திகைக்கிறோம்.

இடுக்கியில் நிலைமை நேர்மாறு. மறையூர் போன்ற மழை மறைவுப் பகுதிகள் நீங்கலாக, மூணாறு, பீர்மேடு, வண்டிப்பெரியாறு பக்கங்களில் ஆனி முதல் ஆவணி வரை காற்றே ஈரத்தில் ஊறியிருக்கும். அந்தக் காற்றில் கான்கிரீட் உலர்வது மிக மெதுவாகத்தான். சில வேளை உள்ளே ஓரளவு உலர்ந்த தரையும் மேலே ஈரம் காட்டும். ஒரு கணக்கு பாருங்கள். அறையின் வெப்பம் 22 டிகிரி, காற்றின் ஒப்பு ஈரப்பதம் 85 சதவீதம் என்றால், 19.4 டிகிரிக்குக் கீழே குளிர்ந்துள்ள எந்தப் பரப்பிலும் பனித்துளி படியும். மலையில் தரையின் வெப்பம் 18 டிகிரியாக இருப்பது சாதாரணம். அப்போது தரையின் மேல் தெரியும் ஈரம் கான்கிரீட்டிலிருந்து வந்ததல்ல, காற்றிலிருந்து வந்தது.

எனவே பாலக்காட்டில் மேற்பரப்பு உண்மையைவிட உலர்ந்ததாகத் தெரியும், இடுக்கியில் உண்மையைவிட ஈரமாகத் தெரியும். மேலே தொட்டுப் பார்த்தும், மேலே வைத்து அளக்கும் கருவியைப் பார்த்தும் மட்டும் முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். ரயில் பாதையில் தண்டவாளம் மேலே பளபளவென்று இருந்தாலும், அடியில் ஜல்லிக்குள் சேறு புகுந்திருக்கிறதா என்று தோண்டிப் பார்த்தே தீர்மானிப்போம். தரைக்கும் அதே முறைதான்.

கருவிகள்: எது எதை அளக்கிறது?

1. ஊசி வைத்த ஈரமானி. இதில் இரண்டு கூரிய ஊசிகள் இருக்கும். அவற்றுக்கிடையே மின்தடையை அளந்து எண்ணாகக் காட்டும். கடைகளில் எளிதில் கிடைப்பது இதுதான். ஆனால் இதன் அளவுகோல் பெரும்பாலும் மரத்துக்காக அமைத்தது. கான்கிரீட்டில் வைத்து 14 என்று காட்டினால் கான்கிரீட்டில் 14 சதவீதம் தண்ணீர் என்று பொருளல்ல. கான்கிரீட்டில் உள்ள உப்புகளும் மின்சாரத்தைக் கடத்துவதால் எண் ஏறும். இதை மரப்பலகையைச் சோதிக்க வைத்துக்கொள்ளலாம். கான்கிரீட்டுக்கு இதை நம்ப வேண்டாம்.

2. ஊசியில்லாத ஈரமானி. இதைத் தரையில் தட்டையாக அழுத்தி வைத்தால் மின்புலத்தைக் கொண்டு ஈரத்தைக் கணிக்கும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம் வரைதான் இது உணரும். அடியில் கம்பியோ கோழிவலையோ மேலாக இருந்தால் எண் தவறும். ஆயினும் இதற்கு ஒரு நல்ல பயன் உண்டு. வீடு முழுதும் இரண்டடிக்கு ஓரிடமாக வைத்து எண்களைத் தரையிலேயே சாக்பீஸால் எழுதிவந்தால் எந்த மூலையில் ஈரம் கூடுதல் என்று தெரிந்துவிடும். எந்த இடத்தைத் துளைத்துச் சோதிப்பது என்று முடிவு செய்ய இதுவே சிறந்த வழி.

3. வெப்பப் படக் கருவி. இது வெப்பநிலை வேறுபாட்டை வண்ணப் படமாகக் காட்டுகிறது. ஈரமான இடம் ஆவியாகிக் குளிர்வதால் நீலமாகத் தெரியலாம். நிழல் விழுந்த இடமும், குளிர்ந்த குழாய் போகும் இடமும் அவ்வாறே தெரியும். இது சந்தேகத்தைக் காட்டும், ஈரத்தை அளக்காது.

4. துளைக்குள் வைக்கும் ஈரப்பத உணர்வி. கான்கிரீட்டில் துளையிட்டு, அந்தத் துளைக்குள் இருக்கும் காற்றின் ஒப்பு ஈரப்பதத்தை அளப்பது இது. தரையை மூடிய பிறகு அடியில் என்ன ஈரம் நிலைக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லக்கூடியது இந்த முறைதான். எந்த ஆழத்தில் அளந்தால் அந்த எண் கிடைக்கும் என்பதை ஸ்வீடன் நாட்டில் லுண்ட் நகர ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். அந்த வழியில் அமைந்த அமெரிக்கத் தர நிர்ணயமான ஏ.எஸ்.டி.எம். எஃப் 2170 இன்று பல நாடுகளில் பின்பற்றப்படுகிறது.

துளையிட்டு அளக்கும் முறை

முதலில் கூரை, கதவு, ஜன்னல் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். மழைச்சாரல் உள்ளே வரக் கூடாது. வீட்டில் குடியிருக்கும்போது எந்த வெப்பமும் காற்றும் இருக்குமோ அதே நிலையில் அறையை 48 மணி நேரம் வைத்திருக்க வேண்டும். வெயிலில் கதவைத் திறந்துபோட்டு, மறுநாள் அளந்தால் அது சரியான அளவாகாது.

துளையின் ஆழம் முக்கியம். நிலத்தின் மேல் போட்ட தரை மேல்பக்கமாக மட்டுமே உலரும். அதற்குக் கனத்தில் 40 சதவீத ஆழம். நான்கு அங்குலம், அதாவது 10 சென்டிமீட்டர் கனமான தரைக்கு 4 சென்டிமீட்டர். மாடித் தளம் மேலும் கீழுமாக இருபுறமும் உலரும். அதற்குக் கனத்தில் 20 சதவீதம். 12 சென்டிமீட்டர் தளத்துக்கு 2.4 சென்டிமீட்டர். மேலே சமன் பூச்சு இருந்தால் அதையும் தாண்டிக் கான்கிரீட்டுக்குள் துளை இறங்க வேண்டும்.

துளையிடும்போது தண்ணீர் விடக் கூடாது. தூசியைத் தூரிகையாலும் உறிஞ்சியாலும் நன்கு எடுத்துவிட்டு, உறைக்குழாயைச் செருகி வாயை அடைக்க வேண்டும். 24 மணி நேரம் கழித்து எண்ணைக் குறிக்க வேண்டும். துளையிட்ட சூடும் கலைந்த ஈரமும் அடங்குவதற்கே இந்த நேரம். மின்கம்பிக் குழாயோ தண்ணீர்க் குழாயோ தரைக்குள் போகும் வழி தெரிந்த பிறகே துளையிட வேண்டும்.

முதல் 1000 சதுர அடிக்கு மூன்று இடங்களிலும், அதற்கு மேல் ஒவ்வொரு 1000 சதுர அடிக்கும் ஓரிடத்திலும் அளக்க வேண்டும். அவற்றில் ஒன்றாவது வெளிச்சுவரிலிருந்து மூன்றடிக்குள் இருக்க வேண்டும்.

பல வினைல், மரத்தரைத் தயாரிப்பாளர்கள் 75 முதல் 85 சதவீதத்துக்குள் ஓர் எல்லையை விதிக்கிறார்கள். வாங்கும் பொருளின் கையேட்டில் என்ன எண் உள்ளதோ அதுவே உங்களுக்கு எல்லை. பிரிட்டனில் நெடுங்காலமாக வழங்கிவருவது 75 சதவீதம். கையேடு இல்லாத பொருளுக்கு நாமும் அதையே வைத்துக்கொள்ளலாம்.

எடுத்துக்காட்டாக ஒரு வீட்டில் மூன்று துளைகளில் 71, 74, 88 என்று வந்ததாகக் கொள்வோம். சராசரி போட்டால் 78 ஆகும். இங்கே சராசரி போடவே கூடாது. 88 வந்த இடத்தில் தரை தூக்கத்தான் செய்யும். மற்ற இரண்டு இடங்கள் நன்றாக இருப்பதால் அந்த மூலைக்கு என்ன லாபம்? மிக அதிகமான எண்ணே முழுத் தரைக்கும் தீர்ப்பு. ஓரிடத்தில் மட்டும் எண் தனியாக உயர்ந்திருந்தால், அங்கே குழாய்க் கசிவோ மேட்டுப் பக்கத்து ஊற்றோ உண்டு என்று தேட வேண்டும்.

வீட்டிலேயே செய்யும் எளிய சோதனை

உணர்விக் கருவி விலை கூடியது. ஒரு வீட்டுக்காக அதை வாங்குவது எல்லோருக்கும் இயலாது. சில நூறு ரூபாயில் கிடைக்கும் சிறிய டிஜிட்டல் ஹைக்ரோமீட்டரை வைத்து ஓரளவு நல்ல சோதனை செய்யலாம். பள்ளிப் பிள்ளைகளையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர்களுக்கு ஒரு பௌதிகப் பாடமாகவும் ஆகும்.

முதல் படி, கருவி உண்மை சொல்கிறதா என்று பார்ப்பது. சமையல் உப்பை ஒரு பாட்டில் மூடியில் நிரப்பி, சில துளி தண்ணீர் விட்டுச் சேறுபோல் ஆக்குங்கள். உப்பு முழுதும் கரைந்துவிடக் கூடாது. அந்த மூடியையும் ஹைக்ரோமீட்டரையும் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் ஒன்றையொன்று தொடாமல் வைத்து இறுக மூடி, ஒரு நாள் முழுக்க வெயில் படாத இடத்தில் வையுங்கள். நிறைசெறிவான உப்பு நீருக்கு மேலே உள்ள காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 சதவீதமாக நிற்கும் என்பது இயற்கை விதி. உங்கள் கருவி 79 காட்டினால் அது நான்கு கூடச் சொல்கிறது. இனி அது சொல்லும் எண்ணில் நான்கைக் கழித்துக்கொள்ளுங்கள். நம் தரைக்கு வைத்த எல்லையும் 75 என்பதால், வேண்டிய இடத்திலேயே கருவி சரிபார்க்கப்பட்டுவிடுகிறது.

இரண்டாம் படி, தரையைச் சோதிப்பது. தரையைப் பெருக்கித் தூசி நீக்கி, ஹைக்ரோமீட்டரை வைத்து, அதன்மேல் கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து, ஓரத்தை அகலமான ஒட்டு நாடாவால் சுற்றிலும் காற்றுப் போகாமல் ஒட்டுங்கள். களிமண், மைதாப் பசை போன்றவற்றால் அடைக்காதீர்கள். அவற்றின் ஈரமே உள்ளே போய்க் கணக்கைக் கெடுத்துவிடும். டப்பாவின் மேல் தெர்மாக்கோலோ தடித்த துணியோ போர்த்தி வெப்பம் ஏறி இறங்காமல் காக்க வேண்டும். குறைந்தது 72 மணி நேரம் வையுங்கள். பிறகு நாளுக்கு ஒருமுறை ஒரே நேரத்தில் பார்த்து, அடுத்தடுத்த இரண்டு நாள் எண் மாறாமல் நின்றால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். தரையின் மேல் காப்புப் பெட்டி கவிழ்த்து அளக்கும் பிரிட்டிஷ் முறையின் எளிய வடிவம் இது.

இந்தச் சோதனையில் 80-க்கு மேல் வந்தால் ஐயமில்லை, தரை ஈரம், பொறுக்க வேண்டும். 70-க்குக் கீழே வந்தால் நம்பிக்கை கொள்ளலாம். ஆனால் வறண்ட காற்று வீசும் பருவமானால் ஒரு வாரம் மூடியபடியே வைத்துப் பாருங்கள். இடைப்பட்ட எண்ணுக்கு இந்தச் சிறு கருவியின் துல்லியம் போதாது. அதற்கும், விலை உயர்ந்த மரத்தரை போடுவதற்கும், துளையிட்டு அளப்பவரை அழைப்பதே நல்லது.

இன்னும் எளிதான ஒன்று, ஒன்றரை அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளைத் தரையில் ஒட்டி 16 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பது. அடியில் நீர்த்துளி இருந்தாலோ கான்கிரீட் கறுத்திருந்தாலோ ஈரம் உண்டு. துளி இல்லை என்பதால் ஈரம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. இதில் ‘ஈரம்’ என்ற விடையை மட்டும் நம்பலாம்.

எத்தனை நாள் பொறுக்க வேண்டும்?

க்யூரிங் முடிந்து, மழை உள்ளே வராமல் ஆன பிறகு, நல்ல காற்றோட்டத்தில் கனத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு நாள் என்பது 5 சென்டிமீட்டர் வரையான சமன் பூச்சுக்குச் சொல்லும் பொதுக் கணக்கு. அதற்கு மேல் கனம் கூடக்கூட நாள் இன்னும் வேகமாகக் கூடும். அமெரிக்காவில் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பார்கள். நான்கு அங்குலத் தரைக்கு நான்கு மாதம். இடையில் ஒரு நாள் மழை புகுந்து தரை நனைந்தாலும் பெரும்பகுதி நாள்கள் வீணாகும். இந்தக் கணக்குகள் எல்லாம் உத்தேசம்தான், அளவுக்கு ஈடாகாது. வைகாசியில் தரை போட்டு ஆவணியில் கிரகப்பிரவேசம் வைத்தால், இடுக்கியில் அந்த மூன்று மாதமும் மழையில் போய்விடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

வெள்ளம் புகுந்த வீடுகள்

2018-ஆம் ஆண்டு வெள்ளத்தை நாம் யாரும் மறக்கவில்லை. அவ்வாண்டு ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 19 வரை கேரளத்தில் 2346.6 மில்லிமீட்டர் மழை பெய்தது. இயல்பாகப் பெய்ய வேண்டியது 1649.5 மில்லிமீட்டர். இடுக்கியில் இயல்பைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. ஆகஸ்ட் 9 அன்று இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி அணை மதகு 26 ஆண்டுகளுக்குப் பிறகு திறக்கப்பட்டது. அதே மாதத்தில் கல்பாத்திப் புழை பெருக்கெடுத்துப் பாலக்காடு நகரின் தாழ்ந்த பகுதி வீடுகளில் தண்ணீர் புகுந்தது.

அத்தகைய வெள்ளம் புகுந்த வீட்டில் பழைய கான்கிரீட்டும் புதுக் கான்கிரீட்டுக்குச் சமம்தான். முப்பது வருடத் தரை, இதற்கு என்ன சோதனை என்று எண்ணக் கூடாது. தரையின் மேல் இருந்த விரிப்பையும் பசையையும் முழுதும் நீக்கி, சேற்றைக் கழுவி, உலரவிட்டு, மேலே சொன்ன சோதனையைச் செய்ய வேண்டும். வெள்ளம் விட்டுச்சென்ற உப்புகள் வெண்மையாகப் பூத்து நின்றால் மின்தடை, மின்புலக் கருவிகள் எண்ணைக் கூட்டிக் காட்டும். அங்கே ஒப்பு ஈரப்பத முறையே நம்பகமானது. ஆறு, ஓடைக் கரைகளில் இருப்பவர்கள் கீழ்த்தளத்துக்கு மட்டுமாவது காவித் தரையோ சிமெண்ட் கலவையில் பதித்த டைல்ஸோ போடுவது புத்திசாலித்தனம். கழுவி உலர்த்திவிட்டால் மீண்டும் பயன்படுத்தலாம்.

ஈரம் என்று தெரிந்தால் என்ன செய்வது?

முதலில் ஊற்றுக்கண்ணைக் கண்டுபிடியுங்கள். கலவைத் தண்ணீர் என்றால் காலமும் காற்றோட்டமும் போதும். மின்விசிறியை ஓடவிட்டு, எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். இடுக்கியில் மூடுபனியும் மழையும் உள்ள நாளில் ஜன்னலைத் திறந்தால் ஈரம் உள்ளேதான் வரும். அங்கே அறையை மூடி, ஈரம் உறிஞ்சும் மின்கருவியை ஓட்டுவது பலன் தரும்.

குழாய்க் கசிவு என்றால் முதலில் குழாயைச் சரிசெய்யுங்கள். நிலத்து ஈரம் என்றால் வீட்டுக்கு வெளியே வேலை இருக்கிறது. மேட்டுப் பக்கத்தில் ஜல்லி நிரப்பிய வடிகால் வெட்டி, நீரை வீட்டைச் சுற்றி வெளியேற்ற வேண்டும். கூரைத் தண்ணீர் சுவரடியில் விழாமல் குழாய் வைக்க வேண்டும். அதன் பிறகும் ஈரம் குறையாவிட்டால் ஈரத்தடுப்பு எப்பாக்சி பூசலாம். இது சாதாரண எப்பாக்சித் தரைப்பூச்சு அல்ல, ஈரக் கான்கிரீட்டுக்கென்றே தயாரித்தது. அதன் கையேட்டிலும் எவ்வளவு ஈரம் வரை தாங்கும் என்ற எண் இருக்கும்.

புதிதாகக் கட்டுபவர்களுக்கு இதைவிட மலிவான வழி உண்டு. தரைக் கான்கிரீட் போடுமுன் அடியில் 250 மைக்ரான் பாலிதீன் தாளை விரித்து, இணைப்புகளை அரை அடி ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு ஒட்டிவிடுங்கள். மொத்த வீட்டுச் செலவில் இது ஒரு துளி. பின்னால் எந்தப் பணம் கொடுத்தாலும் அந்த இடத்தில் அதைப் போட முடியாது.

வெளியூரில் இருந்து வீடு கட்டுவோருக்கு

நம்மில் பலர் வேலை ஓரிடம், வீடு கட்டுவது ஓரிடம் என்று இருக்கிறோம். பிள்ளைகள் வளைகுடாவிலிருந்து பணம் அனுப்ப, இங்கே வயதான பெற்றோர் மேற்பார்வை பார்க்கும் வீடுகளும் உண்டு. அவர்கள் காண்ட்ராக்டரிடம் எழுதி வாங்க வேண்டியவை நான்கு.

1. தரைக் கான்கிரீட் போட்ட தேதி, க்யூரிங் முடிந்த தேதி.

2. ஈரம் அளந்த முறை, இடங்கள், துளையின் ஆழம், ஒவ்வோர் இடத்தின் எண், அன்றைய அறை வெப்பமும் ஈரப்பதமும்.

3. தரைப் பொருளின் கையேட்டில் உள்ள ஈர எல்லை.

4. எல்லா எண்ணும் அந்த எல்லைக்குக் கீழே வந்த பிறகே தரை போடப்படும், அதற்கான பணமும் அப்போதுதான் தரப்படும் என்ற ஒப்பந்தம்.

கருவியின் எண் தெரியும்படி செல்பேசியில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். படத்தில் கருவி இருக்கும் இடமும் தெரிய வேண்டும். வெறும் எண் மட்டும் தெரியும் படம் எந்த வீட்டினது என்று யாருக்குத் தெரியும்? இதைக் கேட்பதால் மேஸ்திரி மனம் கோண வேண்டியதில்லை. பின்னால் பழி வராமல் அவரைக் காப்பதும் இந்தத் தாள்தான்.

கிரகப்பிரவேச நாளைத் தள்ள முடியாவிட்டால், பால் காய்ச்சுவதைச் சிமெண்ட் தரையிலேயே செய்துகொள்ளலாம். நம் முன்னோர் அப்படித்தான் செய்தார்கள். வினைலும் மரமும் தை, மாசி வரை காத்திருக்கட்டும். அதற்குள் ஒரு ஹைக்ரோமீட்டரும் ஒரு பிடி உப்பும் வாங்கி வைத்து, வீட்டுப் பிள்ளைகளிடம் சோதனைப் பொறுப்பைக் கொடுங்கள். வாரம் ஒருமுறை எண்ணைக் குறித்து, நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வரட்டும். எண் 75-க்குக் கீழே இறங்கி நிற்பதைக் கண்ட பிறகு தரைக்கடைக்குப் போகலாம். புதிதாக வீடு கட்டும் அன்பர்கள் அனைவரும் இம்முறையைப் பின்பற்றிப் பயன் பெற வேண்டுகிறேன்.